அணுவின் தடம் கண்ட அறிஞர் ஜார்ஜ் ஹெவெசி

மூச்சின் அருமையை முத்துக்குளித்துறையில் வாழ்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, ஏறத்தாழப் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ள பாரில் இறங்கி, ஒரு நிமிட நேரத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறிய குளிகாரர்களின் வாழ்வு, மார்புக்கூட்டில் அடக்கிய ஒரு மூச்சின் அளவாகவே இருந்தது. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துச்சலாபங்களுக்குப் பின் தூத்துக்குடிக் கடலில் அக்காட்சி மறைந்தது. ஆயினும் சங்கு குளிப்போர் இன்றும் கடலில் இறங்குகின்றனர். உப்பளங்களில் உழைப்போரும் துறைமுகத்தில் சுமை தூக்குவோரும் மூச்சையே முதலாகக் கொண்டு பிழைக்கின்றனர்.

மூச்சு என்பது காற்று மட்டும் அன்று. உள்ளிழுத்த காற்று நுரையீரலின் நுண்ணறைகளை வந்தடையும்போது, அவ்வறைகளைச் சூழ்ந்த தந்துகிகளில் இரத்தம் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். காற்று வந்தும் இரத்தம் வரவில்லையெனில் அம்மூச்சு வீண். நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்ளும் என்பதைக் குழாயில் ஊதச் சொல்லி அளந்துவிடலாம். ஆனால் அதன் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பதை, நெஞ்சைக் கீறாமல், நோயாளிக்கு வலியில்லாமல் எவ்வாறு அளப்பது? இவ்வினாவுக்கு அணு மருத்துவம் விடை தந்துள்ளது. அந்த விடையின் வேரைத் தேடிச் செல்வோமாயின், ஹங்கேரி நாட்டில் பிறந்த வேதியியல் அறிஞர் ஒருவரின் வாழ்வில் சென்று நிற்போம். அவரே ஜார்ஜ் டி ஹெவெசி.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்கு இரு காரணங்கள் உண்டு. அவர் கண்ட வழிமுறை ஒரு பெருந்தோல்வியிலிருந்து பிறந்தது. தேர்வில் தோற்று மனம் சோரும் நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி அது. மற்றொன்று, உலகம் போற்றிய அவ்வறிஞரையும் அவருடைய பிறப்பைக் கேட்டு விரட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களாகிய நாம் அதனை மறவாமல் பதிவு செய்தல் கடன்.

இளமையும் கல்வியும்

ஹெவெசி 1885ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் புடாபெஸ்ட் நகரில், எண்மர் பிறந்த குடும்பத்தில் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். செல்வமும் பட்டமும் உடைய குடும்பம் அது. முன்னோர் யூதர், குடும்பமோ கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தது. குருமார் நடத்திய பள்ளியில் பயின்ற பின் புடாபெஸ்டிலும் பெர்லினிலும் உயர்கல்வி பெற்று, 1908இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் அடைந்தார்.

வறுமையை அவர் அறிந்தவர் அல்லர். அதனை மறைத்து அவரை நம்முள் ஒருவராகக் காட்ட நாம் முற்படவில்லை. ஆயினும் செல்வர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும் ஆய்வுக்கூடத்தில் கைகளைக் கறைப்படுத்திக்கொள்ள அவர் தயங்கியதில்லை. சூரிக் நகரிலும் கார்ல்ஸ்ரூவே நகரிலும் சில காலம் பணியாற்றிய பின், 1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குச் சென்று ரதர்ஃபோர்டு என்னும் பேரறிஞரிடம் சேர்ந்தார்.

பிரிக்க முடியாத ஈயம்

அக்காலத்தில் ஆஸ்திரிய அரசு தன் சுரங்கத்து யுரேனியக் கனிமத்திலிருந்து கிடைத்த ஈயத்தை நூற்றுக்கணக்கான கிலோ அளவில் ரதர்ஃபோர்டுக்கு வழங்கியிருந்தது. அந்த ஈயத்தில் ரேடியம்-டி என்று அன்று அழைக்கப்பட்ட கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஈயத்தை நீக்கி ரேடியம்-டியைத் தனியே எடுத்துத் தந்தால் ஆய்வுகளுக்குப் பெரும்பயன் விளையும். அப்பணியை ரதர்ஃபோர்டு இளைஞர் ஹெவெசியிடம் ஒப்படைத்தார்.

ஹெவெசி கரைத்துப் பார்த்தார், படியவைத்துப் பார்த்தார், வேதியியலார் அறிந்த உத்திகளையெல்லாம் கையாண்டு பார்த்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ரேடியம்-டி ஈயத்தைவிட்டுப் பிரியவே இல்லை. பிரியாமைக்குரிய காரணம் பின்னரே விளங்கிற்று. ரேடியம்-டியும் ஈயமே. அணுவின் எடையில் வேறுபாடு உண்டு; அணுவின் உள்ளே நிலையாமை உண்டு; ஆயினும் வேதியியல் பண்பில் இரண்டும் ஒன்றே. இத்தகைய அணுக்களை இன்று ஐசோடோப்புகள் என்கிறோம்.

இட்ட பணி நிறைவேறவில்லை. மற்றொருவராயின் வேறு ஆய்வை நாடிச் சென்றிருப்பார். ஹெவெசி அத்தோல்வியைத் தலைகீழாகப் புரட்டி எண்ணினார். இவ்விரண்டையும் எவராலும் பிரிக்க இயலாது எனில், ஈயம் செல்லும் இடமெல்லாம் ரேடியம்-டியும் கூடவே சென்றாக வேண்டும். ஈயம் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியதாக இருக்கலாம். ஆனால் உடன் செல்லும் ரேடியம்-டி கதிர்களை வெளியிட்டுத் தான் இருக்கும் இடத்தைக் கருவிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, தூய ஈயத்தில் சிறிதளவு ரேடியம்-டியைக் கலந்துவிட்டால், அந்த ஈயம் எங்கெங்குச் சென்றாலும் அதன் தடத்தைப் பின்தொடரலாம்!

தடங்காட்டி முறை என்று இன்று உலகம் போற்றும் வழி இவ்வாறே பிறந்தது. 1913இல் வியன்னா ரேடியம் ஆய்வு நிலையத்தில் பானெத் என்னும் அறிஞருடன் இணைந்து, நீரில் மிக மிகச் சிறிதளவே கரையும் ஈய உப்புகளின் கரைதிறனை இம்முறையால் ஹெவெசி அளந்து காட்டினார்.

மான்செஸ்டர் வாழ்க்கையைப் பற்றி ஒரு சுவையான செய்தியும் வழங்குகிறது. அவர் தங்கியிருந்த விடுதியின் தலைவி, முன்னாள் மீந்த இறைச்சியையே மீண்டும் சமைத்துப் பரிமாறுகிறார் என்று ஹெவெசிக்கு ஐயம். அம்மையாரோ மறுத்தார். ஒருநாள் தட்டில் மீதம்வைத்த உணவில் ஹெவெசி கதிரியக்கப் பொருளைச் சிறிது தூவிவைத்தார். சில நாட்கள் கழித்துப் பரிமாறப்பட்ட உணவின் அருகே கருவியைக் கொண்டுசென்றபோது, அது கதிரியக்கத்தை ஐயமறக் காட்டிற்றாம். இக்கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் உடலுக்குள் சென்ற ஒரு பொருள் எங்குச் சென்றது, எப்போது திரும்பி வந்தது என்று கேட்கும் மருத்துவ ஆய்வு அனைத்தும் இந்த விடுதிச் சோதனையின் வழிவந்தவையே.

செடியிலும் விலங்கிலும்

முதல் உலகப் போர்க்காலத்தில் ஹெவெசி தம் நாட்டுப் படையில் பணியாற்ற நேர்ந்தது. 1920இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகன் சென்று, நீல்ஸ் போர் நிறுவிய நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்குக் கோஸ்டர் என்பவருடன் சேர்ந்து புதியதொரு தனிமத்தைக் கண்டறிந்து 1923இல் அறிவித்தார். கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரால் அது ஹாஃப்னியம் எனப்பட்டது.

அதே 1923ஆம் ஆண்டில், அவரையினச் செடி ஒன்றின் வேரைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் வைத்து, ஈயம் வேரில் எவ்வளவு தங்குகிறது, தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். உயிருள்ள ஒன்றினுள் தடங்காட்டியைச் செலுத்திப் பார்த்த முதல் ஆய்வு அது. அடுத்த ஆண்டு முயல்களின் உடலில் பிஸ்மத்து செல்லும் வழி ஆராயப்பட்டது.

இதே நேரத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புளும்கார்ட் என்னும் மருத்துவர் மனிதரிடத்தே துணிந்து ஒரு சோதனை செய்தார். கதிரியக்கப் பொருள் சிறிது கலந்த கரைசலை ஒரு கையின் சிரையில் செலுத்தி, மறுகையருகே கருவியை வைத்துக் காத்திருந்தார். இரத்தம் இதயத்தின் வலப்புறம் சென்று, நுரையீரல்களைக் கடந்து, இடப்புறம் திரும்பி, மறுகையை அடைய ஏறத்தாழ 18 வினாடிகள் ஆயின. நுரையீரல்களைக் கடக்கும் நேரத்தையும் அவர் தனியே கணக்கிட்டு 1927இல் வெளியிட்டார். நுரையீரல் இரத்த ஓட்டத்தைக் கதிரியக்கத்தால் அளக்கும் முயற்சியின் தொடக்கம் அதுவே. ஹெவெசி ஈயத்தில் கண்ட தடம், 15 ஆண்டுகளுக்குள் மனிதனின் நெஞ்சை எட்டிவிட்டது.

பிறப்பைக் கேட்ட காலம்

1926இல் ஹெவெசி ஃபிரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தாம் பட்டம் பெற்ற இடத்திலேயே ஆசிரியராக அமரும் பேறு அவருக்குக் கிட்டிற்று. ஆனால் 1933இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, ஆரியர் அல்லாதார் அரசுப் பணியில் இருத்தலாகாது என்று சட்டம் இயற்றப்பட்டது. பாட்டன் பாட்டியர் நால்வருள் ஒருவர் யூதராயிருந்தாலும் அவரை ஆரியர் அல்லாதாராகக் கொள்ள வேண்டும் என்று விதியும் வகுக்கப்பட்டது. எந்தக் கோயிலில் வழிபடுகிறாய் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எவர் வயிற்றில் பிறந்தாய் என்றே கேட்டது.

இதனை நாம் வேறெவர்க்கும் விளக்க வேண்டியிருக்கலாம். நம் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மதம் மாறியும் சாதி மாறாத துயரத்தை ஒடுக்கப்பட்ட கிறித்தவ மக்கள் அறிவர். இறந்தோரைப் புதைக்கும் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிப் பிரித்த கொடுமையைத் தமிழகம் கண்டிருக்கிறது. யூத மக்கள் அடைந்த அழிவும் நம் முன்னோர் பட்ட இழிவும் ஒன்றே என்று சொல்வது சரியாகாது. ஆனால் இரண்டும் ஒரே பொய்யின் மேல் எழுப்பப்பட்டவை. மனிதரைப் பிறப்பால் வேறு வேறு பொருளாகப் பிரிக்கலாம் என்பதே அப்பொய்.

ஹெவெசி தம் பதவியைத் துறந்து, 1934இல் மீண்டும் கோபன்ஹேகன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. மற்றவர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில், அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த பணி தொடங்கிற்று.

கனநீரும் தூத்துக்குடியும்

சாதாரண நீரில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் எடை மிகுந்த ஐசோடோப்பு அமைந்த நீரைக் கனநீர் என்பர். அமெரிக்க அறிஞர் யூரி அதனை ஹெவெசிக்கு அனுப்பிவைத்தார். ஹெவெசியும் அவர் துணைவர் ஹோஃபரும் அதனைச் சாதாரண நீரில் சிறிதளவு கலந்து, முதலில் பொன்மீன்களை அதில் விட்டுப் பார்த்தனர்; பின்னர் மனிதர் குடித்தும் பார்த்தனர். நாளும் வெளியேறும் சிறுநீரில் கனநீரின் அளவைக் கண்டு, உடலில் உள்ள நீரில் பாதி வெளியேறிப் புதுநீர் புக ஏறத்தாழ ஒன்பது நாட்கள் ஆகின்றன என்று 1934இல் வெளியிட்டனர். நாம் குடிக்கும் நீர் நமக்குள் தங்கியிருக்கும் காலத்தை மனிதன் முதன்முறையாக அளந்தது அவ்வாறுதான்.

கனநீர் என்ற சொல் தூத்துக்குடி மக்களுக்குப் புதிதன்று. 1978இல் இந்நகரில் உரத்தொழிற்சாலையை அடுத்துக் கனநீர் ஆலை இயங்கத் தொடங்கி, இந்திய அணு உலைகளுக்குக் கனநீர் வழங்கிற்று. பின்னாளில் அவ்வுற்பத்தி நின்றுபோயினும், அவ்வாலையின் பெயரைக் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கு உண்டு. அச்சொல்லுக்குப் பின்னால் மனித உடலை ஆராய்ந்த வரலாறும் இருக்கிறது என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

1935இல் போர் அவர்களின் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு டென்மார்க் மக்கள் நிதி திரட்டி அரைக் கிராமுக்குச் சற்று மிகுந்த ரேடியத்தைப் பரிசளித்தனர். அதன் துணையால் ஹெவெசி கதிரியக்கப் பாஸ்பரஸை உண்டாக்கிக்கொண்டார். எலிகளுக்கு அதனை ஊட்டி ஆராய்ந்தபோது வியத்தகு உண்மை வெளிப்பட்டது. கல்லைப் போல் உறைந்து கிடப்பதாக எண்ணப்பட்ட எலும்பில் பழைய பாஸ்பரஸ் அணுக்கள் இடையறாது வெளியேறிக்கொண்டும், புதியவை வந்து அமர்ந்துகொண்டும் இருந்தன. உயிருள்ள உடலில் நிலையாக நிற்பது எதுவும் இல்லை, ஓடிக்கொண்டிருப்பதே உயிர்.

அதன்பின் அவர் இரத்தத்தை அளக்கப் புகுந்தார். ஒருவர் உடலிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, அதன் சிவப்பணுக்களைக் கதிரியக்கப் பாஸ்பரஸால் குறியிட்டு, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்துவர். சற்றுநேரம் கழித்து எடுக்கும் துளியில் குறியிட்ட அணுக்கள் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கின்றன என்று பார்த்தால், உடலில் உள்ள மொத்த இரத்தத்தின் அளவு தெரியவரும். ஒரு குவளை சாயநீரை அண்டாவில் ஊற்றிக் கலக்கி, நிறம் வெளுத்த அளவைக்கொண்டு அண்டாவின் கொள்ளளவைச் சொல்வதை இதற்கு ஒப்பிடலாம். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் நகர மருத்துவர்கள் இம்முறையை ஹெவெசியுடன் சேர்ந்து நோயாளிகளிடத்தே பயன்படுத்தினர்.

கரைந்த பொன்

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. லாவே, ஃபிராங்க் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் தம் நோபல் பொற்பதக்கங்களைப் பாதுகாப்புக்காகப் போரின் நிலையத்தில் ஒப்படைத்திருந்தனர். ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியேற்றுவது பெருங்குற்றமாக இருந்த காலம். பதக்கத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததால், அகப்பட்டால் உரியவர் உயிருக்கே கேடு நேரும். படைகள் தெருவில் வரும் வேளையில் ஹெவெசி அவ்விரு பதக்கங்களையும் இராஜதிராவகத்தில் இட்டுக் கரைத்தார். தேடிவந்தோர் கண்முன்னே அலமாரியில் இருந்த கரைசலை எவரும் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்தபின் அக்கரைசல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து மீட்ட பொன்னைக்கொண்டு நோபல் நிறுவனத்தார் பதக்கங்களை மீண்டும் வார்த்துத் தந்தனர். உருவத்தை அழிக்கலாம், பொன்னின் தன்மையை அழிக்க இயலாது என்பதை அறிந்த வேதியியலாரின் துணிவு அது.

1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்களைப் பிடித்துச்செல்ல ஏற்பாடாயிற்று. செய்தி முன்கூட்டியே கசிந்தது. மீனவர்களின் படகுகளிலும் பிற கலங்களிலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலைக் கடந்து ஸ்வீடன் சேர்ந்து உயிர்பிழைத்தனர். கடற்கரை மக்களின் படகுகள் மனித குலத்துக்குச் செய்த தொண்டுகளுள் அது தலையாயது. ஹெவெசியும் அவ்வாண்டே ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்தார். 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு, தடங்காட்டி முறையைக் கண்டமைக்காக, 1944இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

நுரையீரலின் வரைபடம்

இனி, அவர் கண்ட வழி நுரையீரலின் இரத்த ஓட்டத்தை அளக்கும் கலையாக மலர்ந்ததைக் காண்போம்.

உடல் முழுவதிலும் சுற்றித் திரும்பும் இரத்தம் அனைத்தும் இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, நுரையீரல் தமனி வழியே நுரையீரல்களுக்குள் செல்கிறது. ஓய்ந்திருக்கும் நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இவ்வாறு செல்லும். தமனி கிளைத்துக் கிளைத்து, சிவப்பணு ஒன்று நெருங்கிச் செல்லும் அளவே அகலமுள்ள தந்துகிகளாக முடிகிறது. ஆகவே நுரையீரல் ஒரு சல்லடை. சிரை இரத்தத்தில் மிதந்துவரும் பெரிய துகள் எதுவாயினும் அங்குத்தான் தங்கும். காற்றழுத்தி எந்திரத்தின் குழாயைக் கவ்விக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் சங்கு குளிப்பவர் விரைந்து மேலேறினால், இரத்தத்தில் உண்டாகும் நைட்ரஜன் குமிழிகள் வந்து அடைத்துக்கொள்வதும் இச்சல்லடையில்தான். காலின் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து வந்து உயிரைக் குடிப்பதும் இங்குத்தான்.

சல்லடையில் துகள் தங்கும் என்னும் இவ்வியல்பையே அறிஞர்கள் அளவுகோலாக மாற்றினர். இரத்தத்தில் இயல்பாக உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைத் தந்துகியைவிடச் சற்றுப் பெரிய துகள்களாகத் திரட்டி, அத்துகள்களில் கதிரியக்க அணுவைப் பிணைத்து, கையின் சிரையில் செலுத்துகின்றனர். உப்பளத்தில் வாய்க்கால் நீர் பல பாத்திகளுக்குப் பிரிந்தோடும் காட்சியை எண்ணிக்கொள்வோம். தலைவாய்க்காலில் ஒரு பிடி உமியைத் தூவினால், மிகுந்த நீர் பாயும் பாத்தியில் மிகுந்த உமி சேரும். குறைந்த நீர் பாயும் பாத்தியில் குறைவாகவே சேரும். அடைபட்ட பாத்திக்கு உமி செல்லவே செல்லாது. பாத்திகளில் சேர்ந்த உமியை எண்ணினால் நீரின் பங்கு தெரிந்துவிடும். நுரையீரலில் துகள்களும் அவ்வாறே இரத்த ஓட்டத்தின் பங்குக்கு ஏற்பத் தங்குகின்றன.

சில இலட்சம் துகள்களே செலுத்தப்படுகின்றன. தந்துகிகளோ பலகோடிக் கணக்கில் உள்ளன. ஆதலின் மூச்சுக்கு இடையூறு நேர்வதில்லை. துகள்களும் சில மணிநேரத்தில் சிதைந்து நீங்கிவிடுகின்றன. நின்றுகொண்டிருப்பவரின் இரத்தம் நுரையீரலின் அடிப்பகுதிக்கே மிகுதியாகச் செல்லும். அதனால் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்ல ஆழ்ந்து மூச்சுவிடச் செய்து, ஊசிமருந்தைச் செலுத்துவர். பின்னர்க் காமா கேமரா என்னும் கருவி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்று, உடலிலிருந்து வெளிவரும் கதிர்களை எண்ணிப் படமாக்குகிறது. இரத்தம் பாயும் பகுதி படத்தில் நிறைவாகத் தோன்றும். அடைப்புள்ள பகுதி வெட்டி எடுத்தாற்போல் வெறுமையாக நிற்கும்.

படத்தோடு கணக்கும் உண்டு. வலம், இடம் என நுரையீரல் ஒவ்வொன்றிலும் பதிவான எண்ணிக்கையை முன்புறமும் பின்புறமும் எடுத்து, அவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, ஒவ்வொன்றின் பங்கையும் நூற்றுக்கு இத்தனை என்று கூறுவர். நலமுள்ளோர்க்கு வலப்பங்கு ஏறத்தாழ 55, இடப்பங்கு 45. காசநோயால் தழும்பேறிய நுரையீரலில் இப்பங்கு பெரிதும் குறைந்திருக்கும். ஒரு நுரையீரலை அறுத்து அகற்ற வேண்டிய நிலை வந்தால், எஞ்சும் நுரையீரலைக்கொண்டு நோயாளி மூச்சுவிட்டு வாழ முடியுமா என்பதை மருத்துவர் இக்கணக்கைக்கொண்டே முன்கூட்டி மதிப்பிடுகிறார். அகற்றவிருக்கும் நுரையீரலின் பங்கு 20 மட்டுமே எனில் அஞ்ச வேண்டுவது குறைவு. 50 எனில் இருமுறை எண்ண வேண்டும்.

டாப்ளின், வாக்னர் ஆகிய அமெரிக்க மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும் 1964இல் இம்முறையை மனிதரிடத்தே நிறுவிக் காட்டினர். அப்போது பயன்பட்டது கதிரியக்க அயோடின். அதன் அரை ஆயுள் எட்டு நாள். பின்னர் ஆறே மணிநேர அரை ஆயுளுடைய டெக்னீசியம் வந்தது. நோயாளி ஏற்கும் கதிர்வீச்சும் குறைந்தது. மாலிப்டினம் அடங்கிய சிறு கலத்திலிருந்து நாள்தோறும் டெக்னீசியத்தை வடித்தெடுப்பதை, பசுவைக் கறப்பது என்றே அத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வர். இன்று இரத்தக்கட்டியைக் கண்டறிய சி.டி. ஸ்கேன் முன்னிற்கிறது. ஆயினும் அதற்குரிய மருந்தை ஏற்கவியலாச் சிறுநீரக நோயாளிகளுக்கும், நாட்பட்ட அடைப்பினால் வருந்துவோர்க்கும், அறுவைக்கு முன் பங்கு காண வேண்டியவர்க்கும் இவ்வணுப்படம் இன்றும் கைகொடுக்கிறது.

இந்திய நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிற்று. ஹோமி பாபாவின் தலைமையில் ஐசோடோப்புகளை நாமே உண்டாக்கும் வழி பிறந்தது. 1963இல் பம்பாயில் கதிர்வீச்சு மருத்துவ மையம் நிறுவப்பட்டு, அணு மருத்துவம் நோயாளிகளை அடைந்தது.

இறுதிக் காலமும் நாம் கொள்ள வேண்டியதும்

1959இல் அமைதிக்கான அணு விருதினைப் பெற்ற ஹெவெசி, முதுமையிலும் ஆய்வைக் கைவிடவில்லை. தம் முறை நுரையீரலைப் படம்பிடிக்கும் நிலையை எட்டி இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1966 ஜூலை 5ஆம் நாள் ஃபிரைபர்க் நகரில் மறைந்தார். முன்பு விட்டுவரும்படி நேர்ந்த அதே நகரில் அவர் வாழ்வு நிறைவுற்றது. 2001இல் அவருடைய உடல் எச்சங்கள் பிறந்த மண்ணாகிய புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன.

அவர் வாழ்வு நமக்குக் கூறுவது என்ன? ரேடியம்-டியையும் ஈயத்தையும் பிரிக்க இரண்டாண்டு முயன்று அவர் தோற்றார். இயற்கை ஒன்றாக வைத்ததைப் பிரிக்க இயலாது என்று கண்டுகொண்டதே அவருடைய வெற்றியின் தொடக்கம். மேலே ஒரு குறி இருப்பதனால் அணுவின் தன்மை மாறுவதில்லை. குறியுள்ள அணுவும் குறியில்லா அணுவும் ஒரே வழியில் சென்று, ஒரே எலும்பில் அமர்ந்து, ஒரே உயிரைத் தாங்குகின்றன. மனிதரின் மேல் சமுதாயம் இட்ட குறியும் அத்தகையதே. காமா கேமராவின் முன் கிடத்தப்படும் எந்த நுரையீரலும் தன் சாதியைச் சொல்வதில்லை. எங்கே இரத்தம் பாய்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

சமுதாயமும் ஓர் உடல். கல்வியாகிய இரத்தம் எப்பகுதிக்குப் பாயவில்லையோ அப்பகுதி காற்றிருந்தும் மூச்சின்றி வாடும். அப்பகுதி எதுவென்று தேடிக்கண்டு அடைப்பை நீக்குவதே நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களின் பணியாகும். உப்பளத் தொழிலாளியின் மகளும் துறைமுகத் தொழிலாளியின் மகனும் அணு மருத்துவக் கூடங்களில் நோயாளிகளாக மட்டும் நுழைந்தால் போதாது. கருவியை இயக்குவோராகவும், படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவராகவும், புதிய தடங்களைக் காணும் அறிஞராகவும் அவர்கள் அங்கே அமர்தல் வேண்டும். இயற்பியலும் வேதியியலும் கடினம் என்று ஒதுங்கும் மாணவ மாணவியர், இரண்டாண்டுத் தோல்வியைக் கையில் ஏந்தி நின்ற ஹெவெசியை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக. அந்நினைவு ஒரு மாணவரையேனும் மீண்டும் நூலைத் திறக்கச் செய்யுமாயின், இம்மலரில் அவர் வரலாற்றை நாம் எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.